ஒருமையில் குற்றம், பன்மையில் கடன்

ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்றொரு சொல் இருக்கிறது. ஒரே அசை. குற்றம் என்றும் பொருள், கடன் என்றும் பொருள். இங்கே குற்றம் என்பது சட்டப் புத்தகத்தில் பிரிவு எண் போட்டு எழுதும் குற்றச்செயல் அல்ல. அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். செயல் முடிந்த பிறகும் செய்தவனிடமே தங்கிவிடுகிற பழி, அது தன்னுடையதுதான் என்கிற உள்ளறிவு, இதுதான் ஷுல்ட். கடன் என்பது சாதாரணக் கடன். வட்டியும் தவணையும் உள்ள கடன். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு வங்கியில் பேரேடு பார்க்கிறவன். நீட்ஷேயையும் காஃப்காவையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எதைப் போட்டாலும் பாதி வெளியே நின்றுவிடுகிறது. அந்த வெளியே நின்ற பாதி நான் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கிற மேஜையைச் சேர்ந்தது என்பதால் அகராதிகளைப் புரட்டப் போனேன்.

சொல்லின் குடும்பம் பெரியது. டச்சு மொழியிலும் ஸ்வீடிஷிலும் இருக்கிற உடன்பிறப்புகள் ஜெர்மனைப் போலவே இரண்டு பொருளையும் சுமக்கின்றன. டேனிஷ்காரர்கள் பாகப்பிரிவினை செய்துகொண்டுவிட்டார்கள்: பழிக்கு 'ஸ்க்யுல்', பணத்துக்கு 'கெல்'. பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் இருந்தது. பெயர்ச்சொல் செத்துப்போயிற்று, அதன் வினை மட்டும் 'ஷுட்' என்று உயிரோடு இருக்கிறது. செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போதெல்லாம் 'கடன்பட்டிருந்தேன்' என்கிற பழைய வாக்கியத்தின் எலும்பு உள்ளே கிடக்கிறது. 'ஆட்' என்கிற இன்னொரு அறவினையும் அப்படியே. கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' என்கிற வினையின் இறந்தகாலம் அது. வடதேசத்துப் புராணத்தில் விதியைக் கவனிக்கும் மூன்று பெண்களில் ஒருத்திக்கும் ஸ்குல்ட் என்றுதான் பெயர். இனி வந்தாக வேண்டியது அவள் பொறுப்பு.

ஜெர்மன் பேரேட்டில் இடதுபக்கத் தலைப்பு 'ஸோல்', வலதுபக்கம் 'ஹாபென்'. பின்னதற்கு 'உண்டு' என்று பொருள். முன்னது ஷுல்டின் சொந்தக்கார வினை. 'வேண்டும்' என்று பொருள். இந்த இரண்டு தலைப்புகளையுமே பெயராக வைத்து குஸ்டாவ் ஃப்ரைடாக் 1855இல் ஒரு வணிகக் குடும்ப நாவல் எழுதினார். (நம் பேரேட்டில் அந்தப் பக்கத்துக்குப் பற்று என்று பெயர். துறவிகள் விடச் சொன்ன அதே பற்று. வரவை விடும்படி அவர்கள் யாரும் குறிப்பாகச் சொல்லவில்லை.) ஜெர்மானியன் தெருவில் ஒருவரை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் 'எண்ட்ஷுல்டிகுங்', பழியை எடுத்துவிடு என்பதிலிருந்து வந்தது. அதில் நடுவே ஓர் அசையைக் குறைத்து 'எண்ட்ஷுல்டுங்' என்றால் கடன் நிவாரணம். சொற்பிறப்பு இப்படித் தாராளமாகக் கொடுக்கும்போது கொஞ்சம் பயப்படவும் வேண்டும். ஆங்கிலத்தின் 'கில்ட்'டும் ஜெர்மனில் பணத்தைக் குறிக்கும் 'கெல்ட்'டும் ஒன்று என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். ஒலிமாற்ற விதிகள் இடம் கொடுக்கவில்லை என்று அகராதிக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் முறை.

2010 மே மாதம் கிரீஸுக்கு 11,000 கோடி யூரோ கடன் ஏற்பாடானது. அதைத் தொடர்ந்த ஐந்தாறு வருஷங்கள் இந்தச் சொல்லுக்கு ஐரோப்பியப் பத்திரிகைகளில் நல்ல மவுசு. ஜெர்மானியர் கிரேக்கரிடம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள்? அவர்கள் மொழியில் கடன்காரனும் குற்றவாளியும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்களே, வேறெப்படி இருப்பார்கள்? முடிந்தது விசாரணை. ஒரு தேசத்தின் மனசாட்சியை அகராதியின் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம் என்கிற இந்த நம்பிக்கை நம் விமர்சகர்களுக்கும் பிடித்தமானது; அதனால்தான் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, ஜெர்மானியன் அப்படியொன்றும் குழம்புவதில்லை. பணம் என்றால் பெரும்பாலும் பன்மையில் 'ஷுல்டன்' என்கிறான். பழி என்றால் ஒருமையில் 'ஷுல்ட்'. எண்ணக்கூடியது பன்மை, எண்ண முடியாதது ஒருமை. சொல்லைப் பிரிக்காமலே இலக்கணம் ஒரு கோடு போட்டிருக்கிறது. இரண்டாவதாக, கடனுக்கும் குற்றத்துக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த இங்கிலாந்து கடன்காரர்களை என்ன செய்தது? சிறையில் போட்டது. 1824இல் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை லண்டன் மார்ஷல்ஸீ சிறைக்குப் போனது ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங்குக்காக. பன்னிரண்டு வயதுப் பையன் காலணி மெழுகு டப்பாக்களுக்குக் காகிதம் ஒட்டப் போனான். கடனுக்காகச் சிறை வைப்பதை அந்நாட்டுச் சட்டம் பெரும்பாலும் கைவிட்டது 1869இல்தான். அகராதியில் இரண்டு சொல் இருந்தது. சிறை ஒன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது சாட்சிக்கு நான் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. தமிழில் கடன் என்ற சொல்லில் பழியின் சாயல் கிடையாது. அது கடமையின் பக்கம் சாய்ந்த சொல். காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன். 'கடனே என்று செய்கிறான்' என்பதில் சலிப்பு இருக்கிறது, பாவம் இல்லை. பிரெஞ்சில் 'தெவ்வார்' அப்படித்தான்: கடன்பட்டிருப்பதும் கடமையும் அதுவே, பன்மையில் பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடமும் அதுவே. ரஷ்யனில் 'தோல்க்' கடனும் கடமையும். பழிக்கு 'வினா' என்று வேறு சொல். ஆக, நாம் ஜெர்மானியரைவிட ரஷ்யருக்கே நெருக்கம். இருந்தும் 20,000 ரூபாய் பயிர்க்கடனில் இரண்டு தவணை தவறிய விவசாயி கவுண்டரில் வந்து நிற்கும்போது தோள்துண்டு கக்கத்துக்குப் போய்விடுகிறது, குரல் தாழ்ந்துவிடுகிறது. அவர் நிற்பது ஒருமையில். கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பவர் மேலாளர் அறையில் காப்பி சாப்பிடுகிறார். அவருடையது பன்மையாகவே இருந்துவிடுகிறது. இந்த வித்தியாசத்தை எந்த மொழியின் அகராதியும் செய்து தரவில்லை. பணம் செய்தது.

ஆனால் சொல் வெறும் ஜடம் என்றும் நான் சொல்லவரவில்லை. ஒரு சொல் நமக்காகச் சிந்திக்காது. ஒரு வழியைக் காட்டி, இதிலே போ, சுலபம் என்று சொல்லும். ஷுல்ட் காட்டிய வழியில் மிகத் தூரம் போனவர் நீட்ஷே. 'அறத்தின் வம்சாவளி' 1887இல் வெளிவந்தது. அதன் இரண்டாவது கட்டுரையில் அவர் கேட்பது எளிய கேள்வி: குற்ற உணர்வு என்று இன்று நாம் புனிதப்படுத்தி வைத்திருப்பது, வெகு ஸ்தூலமான கடனிலிருந்து வந்திருக்கலாம் என்று அறநூலார் யாருக்காவது கனவிலாவது தோன்றியதா? ஒருமை பன்மையிலிருந்து பிறந்தது என்பது அவர் வாதம். கடன் கொடுத்தவன் திரும்பக் கிடைக்காத பணத்துக்கு ஈடாகக் கடனாளியின் உடம்பை வதைக்கும் இன்பத்தைப் பெற்றான்; ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டம் அந்த உடம்பைக் கூறுபோடக்கூட அனுமதித்தது; பிறகு மூதாதையருக்குக் கடன், மூதாதையர் தெய்வமாக வளர்ந்தபோது தெய்வத்துக்குக் கடன்; கடைசியில் அடைக்கவே முடியாத அளவுக்குக் கடன் பெருத்தபோது கடன் கொடுத்த கடவுளே கடனாளிக்காகத் தன்னைக் கொடுத்து அடைத்தார். இந்தக் கடைசிக் கட்டத்தை நீட்ஷே எழுதும் வேகத்தில் ஏளனமும் திகைப்பும் கலந்திருக்கின்றன.

இதை மேற்கோளாக எடுத்து வீசுகிற நண்பர்கள், வரலாறாக இது எவ்வளவு நிற்கும் என்று கேட்பதில்லை. அதை விட்டுவிடுவோம். என் சந்தேகம் வேறு. ஒன்று இன்னொன்றிலிருந்து பிறந்தது என்று காட்டிவிட்டால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடுமா? நீட்ஷே அந்த ஒருமை-பன்மைக் கோட்டைப் பார்த்தார். அதைப் பாலமாகப் பார்த்தார். எனக்கு அது சுவராகத் தெரிகிறது.

அந்தச் சுவரில் கிறிஸ்தவ ஜெபம் ஒன்று இரண்டாயிரம் வருஷமாக முட்டிக்கொண்டிருக்கிறது. இயேசு கற்பித்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் கடன்களைக் குறிப்பது. அதே ஜெபத்தை எழுதிய லூக்கா அந்த இடத்தில் பாவங்கள் என்று போட்டுவிட்டு, அடுத்த பாதியில், நாம் பிறரை மன்னிக்கும் இடத்தில், கடன்பட்டவனையே வைத்துக்கொண்டார். இயேசு பேசிய அரமேயிக்கில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் என்பதால் வந்த தடுமாற்றம் இது. லூதருக்குச் சிரமமே இல்லை. ஷுல்ட் கையில் இருந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஸ்காட்லாந்துச் சபையார் கடன்கள் என்று ஜெபிக்கிறார்கள். இங்கிலாந்துச் சபையின் ஜெபப் புத்தகம் 1549இலிருந்து எல்லை மீறுதலைக் குறிக்கும் சொல்லையே வழக்கமாக்கியது. தமிழிலும் அதே பிளவு: புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் கடன்கள், கடனாளிகள், கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்தில் பாவங்கள். ஒரே தெருவின் இரண்டு கோவில்களில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே வேண்டுதல் வேறு வேறு கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

கடன் என்றால் என்ன என்று தத்துவவாதிகளைவிட வங்கிக்காரனுக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். கடனை யார் வேண்டுமானாலும் அடைக்கலாம். மகன் வாங்கியதை அப்பா கட்டலாம். முகம் தெரியாதவர் வந்து கட்டினாலும் ரசீது போட்டாக வேண்டும். கடன் வகுபடும், பத்துப் பேர் வாங்கினால் பங்குக்குப் பத்தில் ஒன்று. கடனை விற்கலாம்; ஒரு வங்கி இன்னொன்றுக்குக் கை மாற்றிவிடலாம். கொடுத்தவர் தள்ளுபடி செய்யலாம். காலமும் தள்ளுபடி செய்யும்: நம் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷம் தாண்டினால் சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட முடியாது. அதனால்தான் கெடு முடியுமுன் கடனாளியிடம் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்க ஓடுகிறோம். சரி, காலாவதியான கடன் என்ன ஆகிறது? அழிந்துபோவதில்லை. வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. காலாவதிக்குப் பிறகும் 'தருகிறேன்' என்று ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். சட்டம் போடும் கணக்குகளில் மனசாட்சிக்கு ஆக அருகில் வருவது இந்தப் பிரிவு என்று எனக்குத் தோன்றும்.

பழி இவற்றில் எதையும் செய்யாது. அப்பா கட்ட முடியாது. விற்க முடியாது. முக்கியமாக, வகுபடாது. பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடித்துக் கொன்றால் ஆளுக்குப் பத்தில் ஒரு கொலை என்று கிடையாது. பத்துப் பேரிடமும் முழுக் கொலை இருக்கிறது. எங்கள் பத்திரங்களில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று ஒரு வாசகம் உண்டு. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு என்று அர்த்தம். பழிக்கு மிக நெருங்கி வருகிற வாசகம்தான், ஆனால் ஒருவர் கட்டிவிட்டால் வங்கியைப் பொறுத்தவரை மற்றவர்களும் விடுதலை. பழியில் பத்தாவது ஆள் தூக்கில் தொங்கினாலும் மற்ற ஒன்பது பேரின் கணக்கில் ஒரு பைசா குறையாது.

இதை நாவலில் நடத்திக் காட்டியவர் தாஸ்தாயெவ்ஸ்கி. சுவாரஸ்யம் என்னவென்றால் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் ரஷ்யத் தலைப்பில் இருப்பது பழியைக் குறிக்கும் சொல் அல்ல; தாண்டிப் போவதைக் குறிக்கும் குற்றச்செயல். பழைய ஜெர்மன் மொழிபெயர்ப்புகள் அதை 'ஷுல்டும் கழுவாயும்' என்று ஆக்கிவிட்டன. ஜெர்மன் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரில்தான் படித்தார்கள். 1994இல் ஸ்வெட்லானா கையர் புதிதாக மொழிபெயர்த்தபோதுதான் 'குற்றச்செயலும் தண்டனையும்' என்று திருத்தினார். திருத்தம் சரியானது. ஆனாலும் அடகுக்கடைக் கிழவியைக் கொல்கிற, அவளிடம் பொருள் வைத்துப் பணம் வாங்கிய ஒரு மாணவனின் கதைக்கு ஷுல்ட் என்று பெயர் வைத்த அந்தப் பழைய பிழையில் ஒரு பொருத்தம் இருந்துவிட்டது.

நான் அதிகம் யோசித்தது 'கரமாஸோவ் சகோதரர்க'ளின் மீத்யாவைப் பற்றி. காத்தரீனா 3,000 ரூபிளை மாஸ்கோவுக்கு அனுப்பச் சொல்லி அவனிடம் கொடுக்கிறாள். அவன் வேறொரு பெண்ணோடு ஒரே இரவில் பாதியைத் தொலைக்கிறான். மீதி 1,500ஐத் துணியில் தைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மாதம் அலைகிறான். ஊருக்கெல்லாம் 3,000மும் செலவு என்று சொல்லிவிட்டான். தந்தையைக் கொன்றதாகச் சந்தேகப்பட்டு விசாரிக்கும்போது இந்தத் துணிப்பையைச் சொல்லத்தான் அவன் வெட்கப்படுகிறான். அவன் தர்க்கம் இது: பாதியாவது கழுத்தில் இருக்கும்வரை நான் அயோக்கியன், திருடன் அல்ல, எந்த நேரத்திலும் போய் 'இதோ பாதி, மீதியும் தருவேன்' என்று சொல்ல முடியும். பையைப் பிய்த்து எடுத்த அந்தக் கணத்தில்தான் நான் திருடன் ஆனேன். விசாரணை அதிகாரிகளுக்கு இது விளங்கவில்லை. அயோக்கியத்தனத்துக்கும் திருட்டுக்கும் நடுவே அப்படியென்ன தூரம்? எந்த வங்கிக்கும் விளங்காது. 3,000 வாங்கினான், 3,000 தரவில்லை. பையில் இருந்தாலென்ன, செலவழிந்தாலென்ன, நிலுவை ஒன்றுதான். மீத்யாவின் பை கடனுக்கும் பழிக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சுவர். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தான்.

இதற்கு முன்கதையும் உண்டு. காத்தரீனாவின் தந்தை அரசுப் பணத்தில் 4,500 ரூபிள் குறைய, அதைக் கேட்டு அவள் தனியாக மீத்யாவின் அறைக்கு வந்தாள். அவன் எதையும் ஈடாகக் கேட்காமல் 5,000 ரூபிள் பத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலைவணங்கினான். அவள் தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கிவிட்டு ஓடிப்போனாள். பின்னால் அவளுக்குச் சொத்து வந்தது, பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கணக்கு நேராகிவிட்டதா? அந்தக் குனிந்த நெற்றி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. காதல் என்றும் தியாகம் என்றும் அவள் சொல்லிக்கொள்வதெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சிகள். நீதிமன்றத்தில் அவனை ஒழித்துவிடுகிற கடிதத்தை எடுத்து நீட்டுவதும் அதில் ஒன்று. கடன்பட்டவன்தான் குனிய வேண்டும் என்றில்லை. பெருந்தன்மையாகக் கொடுக்கப்பட்டதைத் திருப்ப முடியாதவர்களின் வன்மத்தை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

தனிமனிதனிடம் இப்படி இருக்கிற விஷயம் ஒரு தேசத்தின் கணக்குக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஜெர்மனியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1919 வெர்ஸாய் உடன்படிக்கையின் 231ஆவது ஷரத்தில் குற்ற உணர்வைக் குறிக்கும் சொல்லே இல்லை. பொறுப்பு என்றுதான் இருக்கிறது. ஜெர்மானியர்தான் அதைப் 'போர் ஷுல்ட்' ஷரத்து என்று அழைத்தார்கள். 1921 மே மாதம் தொகை வந்தது: 13,200 கோடி தங்க மார்க். போர்ப்பழி ஒருமை, போர்க்கடன்கள் பன்மை. நடுவில் ஒரு சின்ன விகுதி. ஒருமையை மறுத்து நிரூபித்துவிட்டால் பன்மை தானே விழுந்துவிடும் என்று வெளியுறவு அமைச்சகத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு வைத்து நூல்களும் ஆவணங்களும் வெளியிட்டார்கள். அந்த எழுத்துப் புழுதியில் யார் வளர்ந்தார்கள் என்பது தெரிந்த கதை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கார்ல் யாஸ்பர்ஸ் இந்தச் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு இழை இழையாகப் பிரித்தார். மனைவி யூதர் என்பதால் 1937இல் நாஜிகளால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பர்கில் சொற்பொழிவாற்றி, 1946இல் 'ஷுல்ட் பற்றிய கேள்வி' என்று நூலாக்கினார். நான்கு வகை என்கிறார். சட்டக் குற்றம் நீதிமன்றத்துக்கு உரியது. அரசியல் பழி அந்த நாட்டுக் குடிமகன் என்பதாலேயே வருவது. அதற்குத் தீர்ப்புச் சொல்வது வென்றவன், அதன் விளைவு நஷ்டஈடு. அறப்பழியைத் தன் மனசாட்சியும் நெருங்கியவர்களும் மட்டுமே கேட்க முடியும். நான்காவதை அதீதப் பழி என்று சொல்லலாம்: பக்கத்தில் கொலை நடந்தபோது நான் உயிரோடு இருந்தேனே என்பது. அதைக் கேட்கக் கடவுள் ஒருவருக்குத்தான் உரிமை. யாஸ்பர்ஸ் செய்ததை வங்கி மொழியில் சொன்னால், பணமாக மாற்றக்கூடியது இரண்டாவது ஒன்றுதான் என்று குறித்து வைத்தார். அந்த ஒன்றைக் கட்டிவிட்டதற்கு வாங்கிய ரசீதை மற்ற மூன்றுக்கும் காட்ட முடியாது.

காட்ட முடியாது என்பதை ஜெருசலேமில் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1952 ஜனவரியில் ஜெர்மனியிடமிருந்து பணம் வாங்கலாமா என்று இஸ்ரேல் நாடாளுமன்றம் விவாதித்தபோது வெளியே கல்வீச்சு. வாங்கினால் பழி அடைபட்டதாக ஆகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். செப்டம்பரில் லக்ஸம்பர்கில் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க். ஜெர்மானியர் இதற்குக் கொடுத்த பெயர் 'வீடர்குட்மாஹுங்', மறுபடியும் நல்லதாக்குதல். இஸ்ரேலியர் அதைத் தொடவில்லை. 'ஷிலுமிம்' என்றார்கள், கட்டணங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பன்மை, கவனிக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு மன்னிப்பை எழுதிக்கொடுக்க மறுத்த இந்தச் சொல்தேர்வு எனக்கு அந்த நூற்றாண்டின் நேர்மையான மொழிச் செயல்களில் ஒன்றாகப் படுகிறது. எதிர்த்தவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பழி அடைபடாது என்பதையே சாக்காக்கி, கட்ட வேண்டிய தொகையைக் கட்டாமல் தப்பிக்கிறவன் உண்டு. 'பணத்தால் ஆகிற காரியமா இது' என்று கண்கலங்கிப் பேசிவிட்டுப் பையை இழுத்து முடிந்துகொள்கிறவன். அவனைவிட மௌனமாகத் தவணை கட்டுகிறவன் மேல்.

அடுத்த ஆண்டு, 1953 பிப்ரவரியில், லண்டனில் ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடன்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டன. குறைக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்களில் கிரீஸும் உண்டு. வெர்ஸாயின் வால்பிடித்து வந்த கடன் பத்திரங்களின் கடைசித் தவணை கட்டி முடிக்கப்பட்டது 2010 அக்டோபர் 3இல், அதாவது கிரீஸுக்கு ஒழுக்கம் கற்பித்துக்கொண்டிருந்த அதே வருஷம். பன்மை அடைபட 91 வருஷம் ஆயிற்று. ஒருமைக்கும் கெடு உண்டா என்ற கேள்வி தனியாக நடந்தது. கொலைக்கு அங்கே இருபது வருஷக் காலாவதி இருந்தது. அதற்கும் கடன் காலாவதிக்கும் ஒரே சொல்தான். அந்தக் கணக்குப்படி 1945 கொலைகள் 1965இல் காலாவதியாக வேண்டும். 1965இல் கணக்கின் தொடக்கத்தை 1949 முடிவுக்குத் தள்ளினார்கள். 1969இல் இருபதை முப்பதாக்கினார்கள். நாங்கள் கெடு முடியுமுன் ஒப்புதல் கையெழுத்து வாங்கி நீட்டுகிற மாதிரிதான். கடைசியில் 1979 ஜூலையில் கொலைக்குக் காலாவதியே இல்லை என்று 255க்கு 222 வாக்கில் முடிவானது. 222 என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. அவர்கள் எல்லோரும் கொலைக்காரர்களின் நண்பர்களும் அல்ல. சட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர்கள் அதில் இருந்தார்கள்.

காஃப்காவுக்கு வருகிறேன். 'விசாரணை'யின் யோசெஃப் கே. ஒரு பெரிய வங்கியில் உயர்ந்த அதிகாரி என்பதை அதற்கு ஆன்மீக வியாக்கியானம் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஷுல்டன் அவன் தினசரி வேலை. ஷுல்ட் ஒரு காலையில் படுக்கையறைக்கு வருகிறது. அவன் அதைப் பன்மையாகவே கையாள்கிறான்: யாரிடம் பேசுவது, எந்த வக்கீல், யார் சிபாரிசு. ஓவியன் டிட்டோரெல்லி அவனுக்கு மூன்று வழி சொல்கிறான். உண்மையான விடுதலை, அப்படி ஒன்று நடந்ததாக அவனுக்குத் தெரிந்து இல்லை. தோற்ற விடுதலை, எப்போது வேண்டுமானாலும் மறுபடி கைது செய்யலாம். காலவரையின்றி இழுத்தடித்தல். வங்கியில் வேலை பார்க்காதவர்களுக்கு இது மர்மமாக இருக்கலாம். கணக்கை முடிப்பது, பழைய கடனை முடித்ததாகக் காட்டிப் புதுக்கடனாக எழுதுவது, தவணையைத் தள்ளித் தள்ளி வைப்பது என்று நான் படித்தேன்.

இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? ஷுல்ட் வரும் இடமெல்லாம் குற்றம் என்று போட்டால் வங்கி காணாமல் போகிறது. கடன் என்று போட முடியாது. நம் பெயர்ச்சொற்கள் பிரிந்து கிடக்கின்றன என்பது சரி, ஆனால் வினையில் நாமும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். கடன் தீர்கிறது, பாவம் தீர்கிறது, வழக்குத் தீர்கிறது, அதிலிருந்து தீர்ப்பு, தீர்வை. ஆளையே தீர்த்துக்கட்டுகிறோம். நம்முடைய ஷுல்ட் 'தீர்' என்கிற வினைதான். ஒரே ஓர் இடத்தில் அது புரண்டு படுக்கிறது. கடன் தீர்ப்பவன் கடன்பட்டவன். பழி தீர்ப்பவனோ பழியைச் செய்தவன் அல்ல, இழப்புக்கு ஆளானவன். பழியைச் செய்தவனுக்கு அதைச் சுமப்பதற்குத்தான் தமிழில் வினை இருக்கிறது.

மொழிபெயர்ப்பதானால் கே.யின் வாயில் எப்போதும் 'குற்றம்' வைத்துவிட்டு, ஓவியனின் பேச்சு முழுவதையும் 'தீர்'ரில் நடத்திப் பார்க்க ஆசை. மூன்றாவது வழிக்கு 'தீராமல் வைத்திருத்தல்' பொருந்தும். இரண்டாவதற்குப் 'புதுப்பித்தல்' என்று போடலாமா என்று யோசிக்கிறேன். கடனை மாற்றி எழுதும்போது நாங்கள் நீட்டுகிற படிவத்துக்கு அதுதான் பெயர்.